லினக்ஸ் கர்னலின் பிபிஎஃப் ஜிட்: நான் பயன்படுத்திப் பார்த்தவரை

நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டும் சின்ன நிரல்களை லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே ஓட்டும் முறைதான் பிபிஎஃப்; அந்த நிரலை சிபியுவின் நேரடிக் கட்டளைகளாக மாற்றித் தருவது ஜிட். பழைய வேலையிடத்தில் 4.4 கர்னல் ஓடிய ஒரு சர்வர். டிராஃபிக் எக்கச்சக்கம். நாற்பது ஐபி முகவரிகளை ‘ஆர்’ (அல்லது) போட்டு அடுக்கிய நீளமான ஃபில்டரோடு, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் டாப்பைத் திறந்தேன். மேலேயே பிபிஎஃப்_ப்ராக்_ரன் உட்கார்ந்திருந்தது. கர்னலுக்குள் இருக்கும் இன்டர்ப்ரெட்டர் அது. வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஃபில்டரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, என்னவென்று பார்த்து, அப்புறம்தான் செய்யும்.

ஜிட்டை இயக்கும் ஸ்விட்சான நெட்.கோர்.பிபிஎஃப்_ஜிட்_எனேபிள் 0, அதாவது அணைந்த நிலை என்றிருந்தது. 1 ஆக்கினேன். ஒன்றுமே மாறவில்லை! அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் பிடிபட்டது: ஏற்கெனவே ஏறிவிட்ட ஃபில்டரை ஜிட் தொடாது, புதிதாக ஏறுவதைத்தான் கம்பைல் செய்யும். டிசிபிடம்ப்பை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். அந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லை. ஃபில்டரில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஃபில்டர் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ‘டிசிபிடம்ப் -டி ஐபி’ அடித்துப் பாருங்கள். நாலே வரி. 12-ஆவது பைட்டிலிருந்து இரண்டு பைட் எடு. ஹெக்ஸில் 800-ஆ (ஐபி பாக்கெட்டுக்கான குறி) என்று பார். ஆமென்றால் 262144 பைட் வரை கொடு. இல்லையென்றால் 0, விட்டுவிடு. மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் 1993-இல் வெளியிட்ட வடிவமைப்பு இது. கணக்குப் போட ஓர் அக்குமுலேட்டர், இடத்தைச் சுட்ட ஓர் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர், கொஞ்சம் தற்காலிக மெமரி, அவ்வளவே. இத்தனை எளிமையாக இருப்பதால்தான் அந்த 800 சோதனை நேராக சிபியுவின் ஒரு கம்பேர், ஒரு ஜம்ப் என்று இறங்கிவிடுகிறது. 2011-இல் எரிக் டுமாசே எழுதிய ஜிட், எக்ஸ்86-64-க்காக லினக்ஸ் 3.0-இல் வந்தது.

குறையும் உண்டு. ஜிட் ஆன பிறகு என் ஃபில்டர் பெர்ஃப்பில் பெயரில்லாமல் வெறும் முகவரியாக நின்றது; எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. உருவான கோடைப் பார்க்க அதே ஜிட்_எனேபிள் மதிப்பை 2 ஆக்கினால் கர்னல் லாகில் கொட்டும். சோதனை மெஷினில் மட்டும் செய்யுங்கள்.

ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்புக் குறை வெளிவந்த 2018 ஜனவரியில், 4.15 கர்னலோடு இன்டர்ப்ரெட்டரையே நீக்கிவிட்டு ஜிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் பில்ட் வசதியும் வந்தது. அப்படி பில்ட் செய்த கர்னலில் இந்த ஸ்விட்சை அணைக்க முடியாது. பலர் லாகின் செய்யும் மெஷின் என்றால் ஜிட் உருவாக்கும் கோடைத் தாக்குதலுக்கு எதிராகக் கெட்டியாக்கும் பிபிஎஃப்_ஜிட்_ஹார்டன் மதிப்பையும் 1 ஆக்கிவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும்தான். ஆனால் சாதாரண யூசர்கள் ஏற்றும் ஃபில்டர்களுக்கு மட்டுமே அது பொருந்தும், ரூட்டாக ஓட்டும் உங்கள் டிசிபிடம்ப்பைத் தொடாது.