பாடசாலைக்குத் தோட்டம் போட்டுத் தரும் சேவை: தரம் 4 ஆசிரியை ஒருவரின் கருத்து

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தரம் 4 படிப்பிக்கிறேன். எங்கள் முற்றம் முழுக்கச் சீமெந்து. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தொடர்மாடியில் இருந்து வருபவர்கள், வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கவும் இடமில்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் வேர், தண்டு, இலை என்று படம் கீறி நிறம் தீட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் பாடசாலையிலேயே தோட்டம் அமைத்து, வருடம் முழுக்க வந்து பிள்ளைகளோடு வேலை செய்யும் இந்தக் குழுவைப் பெற்றோர் சங்கத்தோடு பேசி எடுத்தோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் வந்தவர்கள் கன்றும் கொண்டுவரவில்லை, மண்ணும் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டி வெண்கட்டிதான். காலை, இடைவேளை, பாடசாலை விடும் நேரம் என்று மூன்று தடவை பிள்ளைகளைக் கொண்டே மதிலின் நிழலைத் தரையில் கீறவைத்தார்கள். கோடுகளுக்கு வெளியே எந்த இடம் கூடுதல் நேரம் வெயிலில் இருக்கிறதோ அங்கேதான் பாத்தி. மரக்கறிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும் என்பதை நான் சொல்லாமலே வகுப்பு விளங்கிக்கொண்டது.

பாத்தி என்றது பலகை அடித்த உயரப் பெட்டிகள். சீமெந்தை உடைக்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1995இல் அலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவகக்காரர் ஒரு பாடசாலையோடு சேர்ந்து தார் போட்ட நிலத்தைத் தோட்டமாக்கத் தொடங்கியதைப் பற்றி வாசித்திருக்கிறேன். அங்கே ஒரு ஏக்கர் அளவு இடம். எங்களுக்கு மதிலோரத்து ஒரு துண்டு. பெட்டிக்குள் மண்ணும் கூட்டெருவும் கழுவிய தென்னந்தும்புத் தூளும். தும்புத் தூளில் உப்பு இருக்கும், கழுவாமல் போட்டால் நாற்று கருகும் என்று சொல்லி, பிள்ளைகளையே வாளியில் அலசிப் பிழியவைத்தார்கள். அன்றைக்குச் சட்டை எல்லாம் கபில நிறம். ஒரு பெற்றோரும் முறைப்பாடு சொல்லவில்லை.

எங்களுக்கு வந்த பயிற்றுநர் பதுளைப் பக்கத்துத் தம்பி. பிள்ளைகளுக்கு முதல் நாளே அண்ணா ஆகிவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது, பிள்ளையின் கையிலிருந்து மண்வெட்டியைப் பறிக்காதது. "தண்ணி ஊத்தவா அண்ணா?" என்று கேட்டால், "விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா இன்னைக்கு வேணாம்" என்பார். இப்போது என் வகுப்பில் எல்லோரும் விரல் விட்டுப் பார்த்துத்தான் பூவாளியைத் தூக்குகிறார்கள்.

முதலில் கங்குன் கீரை போட்டார்கள். மூன்று, நான்கு வாரத்தில் வெட்டலாம், பொறுமை இல்லாத வயதுக்கு அதுதான் சரி. அப்புறம் வெண்டியும் பயற்றையும். வெண்டிச் செடியை வாரந்தோறும் அடிமட்டத்தால் அளந்து கணிதக் கொப்பியில் வரைபு கீறினோம். எழுத்தில் பின்தங்கி நிற்கும் ஒரு பையன், வரைபில் கோடு ஏன் ஒரு வாரம் படுத்துக் கிடக்கிறது என்று தானாகக் கேட்டான். அந்த வாரம் மழை விடாமல் பெய்து வெயிலே இருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் அவனேதான்.

தேசிக் கன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு நாள் இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போன பிள்ளை அது அசைவதைக் கண்டு கத்தியது. வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்து அடிப்போம் என்று நானே நினைத்தேன். தம்பி ஒரு கிளையை மட்டும் வலைத்துணியால் மூடிக் கட்டிவிட்டு, "இந்தக் கிளை அதுக்கு, மிச்சம் நமக்கு" என்றார். புழு தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையானது. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். எதிரியை விரட்டத்தான் அது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கூட்டுப்புழுவாகி ஒன்றரை வாரமளவில் வெளியே வந்தபோது முழு வகுப்பும் முற்றத்தில் நின்றது. வாழ்க்கை வட்டத்தை அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் கீறவே இல்லை.

எங்கள் அதிபரின் பெரிய பயம் டெங்கு. கொழும்பில் அது நியாயமான பயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு நுளம்புக் குடம்பி கண்டால் போதும், தோட்டம் முடிந்தது. இந்தக் குழு அதை முதலே யோசித்து வைத்திருந்தது. சாடிக்குக் கீழே தட்டு கிடையாது. பெட்டிக்கு அடியில் துளை, தண்ணீர்ப் பீப்பாவுக்கு நெருக்கமான வலை. அன்னாசி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டும் வைக்கவில்லை, அதன் இலைக்கக்கத்தில் தேங்கும் தண்ணீரிலும் நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பிள்ளைகள் சுற்றிப் பார்த்துப் பதிவுக் கொப்பியில் கையெழுத்து வைக்கிறார்கள். வந்த பரிசோதகர் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு நாள் கூட்டிப்போனதும் இதே கட்டணத்துக்குள்தான். ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பில் இருந்துகொண்டு ஈரநிலம் பார்க்காத பிள்ளைகள். மரப்பாதையில் நடந்தபோது கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு ஒன்று குறுக்கே போனது, இன்றுவரை பேச்சு அதுதான்.

குறைகளும் உண்டு. வெண்கட்டியால் நிழல் கீறியது ஏப்ரல் மாதத்தில். அப்போது கொழும்பில் சூரியன் நடு உச்சிக்கு வரும், நண்பகலில் நிழலே விழாது. வருடக் கடைசியில் சூரியன் தெற்கே சாயும். நவம்பர் தொடங்கியதும் தெற்குப் பக்கத்து மாடிக் கட்டடத்தின் நிழல் இரண்டு பெட்டிகளை மூடியது, அங்கே இருந்த தக்காளி நெட்டையாக வளர்ந்து காய்க்கவே இல்லை. சொன்னவுடன் வந்து பெட்டிகளை நகர்த்திக் கொடுத்தார்கள். ஆனாலும் இது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

இரண்டாவது, விடுமுறை. ஓகஸ்ட் லீவில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு அவர்களிடம் திட்டமே இருக்கவில்லை. காவலாளி ஐயாவின் நல்ல மனதால்தான் பயற்றை தப்பியது. மூன்றாவது, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர் போதாது. பாதிப் பேர் வேலை செய்ய மற்றப் பாதி வேடிக்கை பார்த்தது. நான் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொப்பியோடு அளக்க விட்ட பிறகுதான் சரிவந்தது.

காசு பற்றிக் கேட்கிறார்கள். இடத்தைப் பொறுத்து மாறும். எங்களுக்குப் பிள்ளை ஒருவருக்கு ஒரு தவணைக்கு வந்தது, ஒரு தவணை அப்பியாசக் கொப்பிகளின் செலவை விடக் குறைவு. பெட்டிகளும் கருவிகளும் பாடசாலைக்கே சொந்தம்.

நாங்கள் அடுத்த வருடத்துக்கும் சொல்லிவிட்டோம். நீங்கள் எடுப்பதென்றால் கையெழுத்து வைக்கமுன் இரண்டு பயிற்றுநர் வேண்டும் என்றும், லீவு நாளைக்குத் தண்ணீர் யார் பொறுப்பு என்றும் எழுத்தில் வாங்குங்கள். மாடிக் கட்டடம் தெற்கே இருந்தால் டிசம்பர் நிழலையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கடியில் தரம் 5க்கு நேரம் கிடைக்காது, தரம் 3 அல்லது 4இல் தொடங்குவது நல்லது.