"முடிஞ்சுபோச்சுங்க" என்று சொல்லும் கடை: சேலத்தில் மீன் சாப்பிட எங்கே போவது?

தங்கையைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்ததில் இருந்து எங்கள் வீட்டில் மே மாதம் வந்தாலே ஒரு தலைவலி. பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விட்டதும் சம்பந்தி வீட்டார் ஏற்காடு பார்க்கக் கிளம்பி வந்துவிடுவார்கள். முதல் நாள் ஆட்டுக்கறி, இரண்டாம் நாள் நாட்டுக்கோழி, அதெல்லாம் சரி. மூன்றாம் நாள் தங்கையின் மாமனார் மெதுவாக ஆரம்பிப்பார்: "இங்க மீனெல்லாம் எப்படி தம்பி, கிடைக்குமா?"

நக்கல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். கடலூரே இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வாழ்நாள் முழுக்கக் கடல் மீன் தின்ற மனிதரை, கடல் இல்லாத ஊரில், தடைக்காலத்தில் மீன் சாப்பிடக் கூட்டிப்போக வேண்டும். போன வருஷம் புதுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போய் மானம் போனது. இந்த வருஷம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

என் கையில் இருந்தவை மூன்று. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா காலத்தில் இருந்து நடக்கும் மீன் ஓட்டல். போன வருஷம் போன மாதிரியான புது ஏசி கடைகள். இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு ஓமலூர், மேச்சேரி வழியாக 50 கிலோமீட்டர் போய் மேட்டூர் அணைப் பூங்கா பக்கம் வறுத்துக் கொடுக்கும் கடைகள்.

பார்க்கிங், ஏசி, பாத்ரூம் இதிலெல்லாம் புதுக் கடைதான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. காற்றோட்டம், சிக்கனம், பிள்ளைகள் ஓடியாட இடம் என்றால் மேட்டூர். பழைய ஓட்டலில் பைக் நிறுத்தவே பத்து நிமிஷம் ஆகும், உட்கார இடம் கிடைக்க இன்னொரு கால்மணி நேரம், பக்கத்து மேசைக்காரர் முழங்கை நம் இலையில் படும். இருந்தும் அங்கேதான் கூட்டிப்போனேன். காரணம் ஒன்றே ஒன்று: அங்கே மீன் தங்காது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சேலத்துக்கு வரும் கடல் மீன் எல்லாமே ஐஸ் பெட்டியில் வருவதுதான், அது குற்றம் இல்லை. ஐஸில் ஒழுங்காக வைத்த மீன் ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும். கெடுதல் ஆரம்பிப்பது கடை ஃப்ரீசரில். மெதுவாக உறையும்போது சதைக்குள் இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் கட்டியாகி நாரைக் கிழித்துவிடும். மறுபடி வெளியே எடுத்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் ஒழுகிப்போய் வெறும் சக்கை மிஞ்சும். நல்ல வஞ்சிரம் விரல் வைத்தால் இதழ் இதழாகப் பிரியும். ஃப்ரீசரில் கிடந்தது பஞ்சு மாதிரி நசுங்கும், இல்லை மாவாக உதிரும். வறுவலில் மசாலாவும் கலர்ப்பொடியும் இதை மறைத்துவிடும். குழம்பில் மறைக்க முடியாது. அதனால் ஒரு கடையைச் சோதிக்க வேண்டுமென்றால் குழம்பு மீனை முதலில் கேளுங்கள், வறுவல் அப்புறம்.

ஆக, ஒரு கடை மீனை எங்கே வாங்குகிறது என்பதைவிட, வாங்கியதை எவ்வளவு சீக்கிரம் விற்றுத் தீர்க்கிறது என்பதுதான் விஷயம். பழைய ஓட்டலில் மெனு கார்டே கிடையாது. சர்வர் ஒரு பெரிய தட்டில் அன்றைக்கு என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் வறுத்து அடுக்கி மேசைக்கு எடுத்து வருவார், கையைக் காட்டினால் இலையில் விழும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் தட்டில் பாதி காலியாக இருக்கும். "வஞ்சிரம் முடிஞ்சுபோச்சுங்க, சங்கரா ரெண்டு இருக்கு, நெத்திலி வேணா சூடா போடச் சொல்றேன்." சின்ன வயதில் இதைக் கேட்டால் எரிச்சலாக வரும், இவ்வளவு தூரம் வந்தும் இல்லையா என்று. இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

போன வருஷம் போன கடையில் இதற்கு நேர் எதிர். எட்டுப் பக்க மெனு, வாவல், வஞ்சிரம், கொடுவா, நண்டு, சிங்கி இறால், கணவாய், எதைக் கேட்டாலும் "இருக்குது சார்". தடைக்காலத்தின் நடுவில், ராத்திரி பத்து மணிக்கு, பாதி மேசை காலியாகக் கிடக்கும் கடையில் எல்லாமே இருக்கிறது என்றால் அது எங்கே இருந்திருக்கும்? மாமா ஒரு வாய் வைத்தார், எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த கோழி பிரியாணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆறு பேருக்கு 4,000 ரூபாயைத் தாண்டியது பில். எல்லாப் புதுக் கடையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் போனது இரண்டுக்குத்தான், நல்ல கூட்டம் வரும் புதுக் கடையில் இந்தப் பிரச்சினை இருக்காது என்றே நினைக்கிறேன்.

மேட்டூர் கதை வேறு. அங்கே கிடைப்பது அணை மீன், பரிசலில் போய் வலை போட்டுப் பிடிப்பது: கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஆரால். தடைக்காலம் இதைத் தொடாது. காலையில் போனால் துள்ளத் துள்ள மீனைப் பார்த்தே வாங்கலாம், அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்ட வருகிறவர்கள்கூட அப்படியே மீனும் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு இரண்டே குறைதான். ஒன்று, மசாலா தடவி வெயிலில் அடுக்கி வைத்த துண்டுகள் எப்போது வெட்டியவை என்று தெரியாது, வாணலி எண்ணெயின் கருப்பைப் பார்த்தால் கேட்கவும் தோன்றாது. இன்னொன்று மண்வாடை. தேங்கிய தண்ணீரில் வளரும் பாசியில் இருந்து வருவது அது. புளிப்பு பட்டால் குறையும். வீட்டில் நாம் மோரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்துக் கழுவுவோம், அவசரக் கடையில் யார் செய்வார்கள்? கடல் மீன் நாக்குக்கு அந்த வாடை உடனே பிடிபட்டுவிடும். கட்லா, ரோகுவின் சதைக்குள் கிடக்கும் கவைமுள் வேறு, பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தே நம் சாப்பாடு ஆறிவிடும். நான் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத வார நாளில் இன்னும் கவனமாகச் செய்து கொடுக்கலாம்.

சரி, இந்த வருஷம் என்ன நடந்தது? பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். தட்டு வந்தது. வஞ்சிரத்தைக் காட்டி "சீலாவா?" என்றார் மாமா. சர்வர் "இல்லீங்க, சீலா வேற" என்றார். தூத்துக்குடிப் பக்கம் வஞ்சிரத்துக்குப் பெயர் சீலா, வட மாவட்டங்களில் சீலா என்றால் அவர்கள் ஊளி என்று சொல்லும் மீன். இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் விடவில்லை. நான் நடுவில் புகுந்து தீர்த்து வைத்தேன். "தடைக்காலமாச்சே, இது எங்க இருந்து?" என்று அடுத்த கேள்வி. கேரளாவில் இருந்து என்றார் சர்வர். அங்கே டிராலிங் தடை ஜூன் 9-ஐ ஒட்டித்தான் தொடங்கும், மே மாதம் மேற்குக் கடற்கரை மீன் வரும் என்று மாமாவே தலையாட்டிக்கொண்டார்.

குழம்பு மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. "தேங்கா அரைக்கலையே" என்று இரண்டு தடவை சொன்னார். நம் ஊர் மீன் ஓட்டல் குழம்பு புளியும் மிளகாயும்தான், முதல் கரண்டியில் கண் கலங்கும். ஆனால் குழம்பில் கிடந்த துண்டை விரலால் பிரித்துப் பார்த்தார், இதழ் இதழாக வந்தது, இன்னொரு துண்டு கேட்டார். அது போதும் எனக்கு. இறாலும் நன்றாக இருந்தது, இப்போது கடைகளில் பெரும்பாலும் பண்ணை இறால் என்பதால் தடைக்காலத்தில் யோசிக்காமல் கேட்கலாம். அதே ஆறு பேருக்கு 2,300 ரூபாய்.

போகிறவர்கள் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், ஞாயிறு வேண்டாம். ராத்திரி நேரம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அன்று ஆம்லெட்டும் புரோட்டாவும்தான் மிச்சம். நண்டும் அங்கே சாப்பிட்டதில்லை.

போன வாரம் மாமா போன் பண்ணினார், தீபாவளிக்கு வருகிறார்களாம். "அந்தக் கடைல ஊளி போடுவானா, கேட்டு வையி தம்பி." போய்க் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காலைல பெட்டி வந்தாதாங்க தெரியும்."