20 கிலோ பிவிசி தம்பெல்ஸ் செட்: வீட்டுல குதிச்சு கார்டியோ பண்றவங்களுக்கு வொர்த்தா?

ஜிம் பக்கத்துலயே இருக்கு, போக நேரமும் இருக்குன்னா இத படிக்க வேணாம், நேரா ஜிம்முக்கு போயிடுங்க. இது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. கிருஷ்ணகிரில மாடி போர்ஷன் வாடகைக்கு, வேலை ஓசூர் சிப்காட்ல, ஒரு வாரம் டே ஷிப்ட்டுன்னா அடுத்த வாரம் நைட்டு, ஜிம் தொறக்கற நேரத்துல நாம கம்பெனி பஸ்ல தூங்கிட்டு இருப்போம், அதனால ஹால்ல இருக்கற சேரெல்லாம் ஓரமா தள்ளிட்டு ஃபோன செவுத்துல சாய்ச்சு வச்சு வீடியோ பாத்து குதிக்கற ஒரு கூட்டம் இருக்குல்ல, அவங்களுக்கு.

நான் பண்ணிட்டு இருந்தது இன்சானிட்டி. 2009ல பீச்பாடிங்கற அமெரிக்க கம்பெனி வெளியிட்ட ஒர்க்அவுட் வீடியோ ப்ரோக்ராம், ஷான் டி தான் கோச். 60 நாள் கணக்கு, வாரத்துக்கு 6 நாள், சாமான் எதுவும் வேணாம், உடம்பு மட்டும் போதும். சாதாரண இன்டர்வல் ஒர்க்அவுட்ல கொஞ்ச நேரம் வேகமா பண்ணிட்டு நல்லா ரெஸ்ட் எடுப்போம், இதுல அப்படியே தலைகீழ், நிமிஷக்கணக்குல விடாம அடிச்சிட்டு அரை நிமிஷம் தான் மூச்சு வாங்க விடுவாங்க. ரெண்டாவது மாசம் இன்னும் நீளம், ஒரு மணி நேரம் கிட்ட போகும். ஸ்டாமினாவுக்கு இத அடிச்சிக்க முடியாதுங்க, சையத் பாஷா மலைல கோட்டை வரைக்கும் பேசிக்கிட்டே ஏறலாம்.

ஆனா வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தா கதையே வேற. உள்ள கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா 30 கிலோ கிட்ட வரும், அத மாடிப்படில தூக்கிட்டு வந்து வச்சா மூச்சு வாங்கல, முதுகும் கையும் தான் உதறுது. யோசிச்சு பாத்தா காரணம் ரொம்ப சிம்பிள். குதிக்கற ஒர்க்அவுட்ல புஷ்அப் இருக்கு, ஸ்குவாட் இருக்கு, பிளாங்க் இருக்கு, இழுக்கற வேலைன்னு ஒண்ணு கூட இல்ல. எதையாவது நம்ம பக்கம் இழுத்தா தான முதுகும் பைசெப்ஸும் (மேல்கை முன்பக்க தசை) வேலை செய்யும், வெறுங்கையோட எத இழுக்கறது. அது ப்ரோக்ராமோட குறைன்னு சொல்ல மாட்டேன், அது கார்டியோவுக்குன்னே, அதாவது இதயத்துக்கும் மூச்சுக்கும்னே பண்ணது. புல்அப் பார் மாட்டலாம்னா ஓனர் செவுத்துல ஒரு ஆணி அடிக்கவே ஆயிரம் கேள்வி கேப்பாரு. அதான் தம்பெல்ஸ்.

வாங்கினது ஆன்லைன்ல, கம்பெனி பேரு வேணாம், எப்படியும் இந்த ரேட்ல வர்ற செட்டெல்லாம் பாக்க ஒரே மாதிரி தான் இருக்கு, ஸ்டிக்கர் தான் வேற. 1500க்கு உள்ள முடிஞ்சுது. 3 கிலோ பிளேட் நாலு, 2 கிலோ பிளேட் நாலு, 14 இன்ச் ராடு ரெண்டு, 3 அடி ராடு ஒண்ணு, கூடவே ஒரு கிளவுஸ், ஒரு ஸ்கிப்பிங் கயிறு. பிளேட் வெளிய பிவிசி, உள்ள சிமெண்ட் கலவை. இரும்புன்னு நெனச்சு வாங்கிடாதீங்க. இரும்பு பிளேட்ட விட இது தடியா இருக்கும், அதனால 14 இன்ச் ராடுல ஒரு பக்கம் ரெண்டு மூணு பிளேட்டுக்கு மேல ஏத்த இடமே இருக்காது, எவ்ளோ கிலோ வாங்கறீங்கன்றத விட ராடுல எவ்ளோ ஏறும்னு பாருங்க, இந்த விஷயத்த எந்த விளம்பரத்துலயும் சொல்ல மாட்டாங்க.

பழைய பேப்பர் கடை தராசுல ஒவ்வொண்ணா வச்சு பாத்தேன் (கடைக்கார அண்ணன் ஒரு மாதிரியா பாத்தாரு, பரவால்ல). 3 கிலோன்னு போட்டது ரெண்டேமுக்கால் கிட்ட தான் நின்னுது, ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசமும் இருக்கு. கர்ல் (முழங்கைய மடக்கி தூக்கறது) பண்றதுக்கு இது பெரிய விஷயமே இல்ல, ரெண்டு கைக்கும் சரியா ஜோடி சேர்த்து பிளேட்டுல பெயிண்ட்ல ஒரு புள்ளி வச்சுட்டா போதும். பிரிச்ச புதுசுல நாத்தம் அடிக்கும், மொட்டை மாடில நிழல்ல போட்டு வச்சா போயிடும், வெயில்ல போட்றாதீங்க, நம்ம ஊரு சித்திரை வெயில் தெரியும்ல.

பெரிய குறை ஸ்டார் நட்டு, அதாவது பிளேட் கழலாம இருக்க ராடு முனைல முறுக்கறது. முறுக்கி டைட் பண்ணா கூட ரெண்டு செட்டு அடிக்கறதுக்குள்ள லூஸ் ஆயிடுது, பிளேட் லொட லொடன்னு ஆடுது. பஞ்சர் கடைல பழைய டியூப் துண்டு கேட்டா சும்மாவே தருவாங்க, அத வளையமா வெட்டி நட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல போடுங்க, அப்புறம் அசையாது. அப்படியே போட்டாலும் இந்த தம்பெல்ஸ கைல புடிச்சிக்கிட்டு குதிக்கறது, ஸ்விங் பண்றது எல்லாம் வேணவே வேணாம், தம்பெல் வச்சு பண்ற வேற வீடியோல அவங்க வச்சிருக்கறது ஒரே வார்ப்பு தம்பெல், நம்மளது கழண்டு வர்ற ஜாதி. கார்டியோ தனி, வெயிட் தனி.

இப்ப முக்கியமான விஷயம், ரெண்டையும் எப்படி சேர்க்கறது. வாரம் 6 நாள் குதிக்கறதயும் விடாம அதுமேல வெயிட்டும் தூக்கறேன்னு கிளம்பறவங்க நிறைய பேரு. 1980லயே ஹிக்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத டெஸ்ட் பண்ணி பாத்திருக்காரு. ஒரு குரூப் வெயிட் மட்டும், ஒரு குரூப் கடுமையான கார்டியோ மட்டும், இன்னொரு குரூப் ரெண்டும், மொத்தம் 10 வாரம். ரெண்டும் பண்ணவங்களுக்கு ஏழு வாரம் கிட்ட வரைக்கும் பலம் ஏறிக்கிட்டே வந்துச்சு, அப்புறம் நின்னு, கடைசி ரெண்டு வாரத்துல எறங்கவே ஆரம்பிச்சிடுச்சு. ஸ்டாமினா மட்டும் குறையல. அவங்க வாரம் 5 நாள் வெயிட், 6 நாள் கார்டியோன்னு பண்ணாங்க, அத ஷிப்ட் வேலை பாத்துட்டு வர்ற நம்ம உடம்பு தாங்குமா சொல்லுங்க. அதனால ரெண்டும் ஆகவே ஆகாதுன்னு அர்த்தம் இல்ல, அளவு தான் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் வாரத்துக்கு 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையான கார்டியோ, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை, அவ்ளோதான்.

எனக்கு ஒத்து வர்றது, திங்கள் புதன் வெள்ளி வெயிட், செவ்வாய் வியாழன் குதிக்கறது, சனிக்கிழமை மனசு இருந்தா இன்னொரு கார்டியோ, ஞாயிறு ஒண்ணும் கிடையாது. முதல் மாச வீடியோ மட்டும் தான், ரெண்டாவது மாசத்து ஒரு மணி நேர வீடியோவ வெயிட்டோட சேர்க்கவே முடியாது, ட்ரை பண்ணி உடம்ப கெடுத்துக்காதீங்க. ஒரே நாள்ல ரெண்டும் பண்ணியே ஆகணும்னா வெயிட் முதல்ல, குதிக்கறது அப்புறம், ஏன்னா களைச்சு போன உடம்போட ரோ (குனிஞ்சு வெயிட்ட நம்ம பக்கம் இழுக்கறது) அடிச்சா ஃபார்ம், அதாவது உடம்பு நிலை, போய் இடுப்பு புடிச்சிக்கும். காலுக்கு வெயிட் போட்ட மறுநாள் ஜம்ப் வேணாம், அதனால கால் வெயிட் வெள்ளிக்கிழமை தான், அந்த சனி கார்டியோவ விட்டுடுங்க. நைட் ஷிப்ட் வாரம் வெயிட் மட்டும், தூக்கமே சரியா இல்லாதப்ப குதிக்கறது வீண் வேலை.

மேல் உடம்புக்கு இந்த 20 கிலோ நல்லாவே தாங்குது. ஒத்தக்கை ரோ, ஷோல்டர் பிரஸ், தரைல படுத்து ஃப்ளோர் பிரஸ், கர்ல். பெஞ்ச் இல்லாமயே ஓடுது. முதுகுல வித்தியாசம் நல்லாவே தெரியுது, சட்டை போட்டா தோள்பட்டைல உக்கார்ற விதமே வேற. ஆனா கால்! குதிச்சு குதிச்சு பழகின காலுக்கு 20 கிலோ ஒரு பொருட்டே இல்ல. அதுக்கு ஒத்தக்கால் ஸ்குவாட், பின்னாடி காலை கட்டில் மேல வச்சு பண்றது, மூணு செகண்ட் மெதுவா எறங்கறது, இப்படி கஷ்டத்த கூட்டலாம். அதுவும் சுலபம் ஆச்சுன்னா பிளேட் தான் வாங்கணும், கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஸ்போர்ட்ஸ் கடைகள்ல ரப்பர் பிளேட்டும் இரும்பு பிளேட்டும் கிலோ ரேட்ல குடுக்கறாங்க, போறப்ப உங்க ராட கைல எடுத்துட்டு போங்க, ஓட்டை சைஸ் மாறும்.

சத்தம் பத்தி சொல்லணும். கீழ் வீட்டு அக்கா ஒரு நாள் படில நிறுத்தி "ஏம்பா தம்பி, மேல என்ன உரல்ல மாவா இடிக்கற, எங்க ஃபேன் ஆடுது"ன்னு கேட்டுட்டாங்க. வெயிட்டால சத்தம் இல்ல, பிளேட் பிவிசிங்கறதால கீழ வச்சாலும் டைல்ஸ் உடையாது, அது இந்த செட்டுல உண்மையிலயே நல்ல விஷயம். குதிக்கறது தான் பிரச்சனை. ஒண்ணோட ஒண்ணு கோக்கற ஃபோம் மேட் போட்டேன், ஷூ போட்டுக்கிட்டேன், சத்தம் பாதியாச்சு, மீதிக்கு நேரத்த மாத்திக்கிட்டேன். முட்டி வலி, பிபி இருக்கறவங்க, எடை ரொம்ப அதிகமா இருக்கறவங்க டாக்டர கேக்காம இந்த குதிக்கற வேலைக்கே போகாதீங்க, தம்பெல்ஸும் நடையும் போதும்.

சாப்பாட்டுக்கு பவுடர் டப்பா வாங்க சொல்லி தலைல கட்ட பாப்பாங்க, அவசரமே இல்ல. களி நம்ம ஊரு சாப்பாடு தான், கால்சியம் நிறைய, ஆனா 100 கிராம் கேழ்வரகு மாவுல புரோட்டீன் 7 கிராம் தான் வரும், அத மட்டும் நம்பி வெயிட் தூக்க முடியாது. அதே 100 கிராம் கொள்ளுல 22 கிராம், நிலக்கடலைல அதுக்கும் மேல, முட்டை ஒண்ணுக்கு 6. களிக்கு கொள்ளு கடைஞ்சு ஊத்தி ரெண்டு முட்டைய வச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது.

கூட வந்த கிளவுஸ் தையல் சீக்கிரமே விட்டுடுச்சு, ஸ்கிப்பிங் கயிறு சின்ன பசங்களுக்கு தான் ஆகும். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், நட்டு ஒழுங்கா இருந்தா நாலு. புதுசு தான் வேணும்னு இல்லன்னா பொங்கல் முடிஞ்சு ரெண்டு மாசம் பொறுங்க, ஜனவரில ஆசையா வாங்கினவங்க எல்லாம் மார்ச்ல பாதி ரேட்டுக்கு விக்க போடுவாங்க, பிளேட்ல விரிசல் இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க, விரிசல் விட்டா உள்ள இருக்கற சிமெண்ட் கொட்டிக்கிட்டே இருக்கும்.