கருப்பையை எடுத்த பிறகும் இறங்கியது: நான் செய்துகொண்ட லேப்ராஸ்கோப்பி பற்றி

எனக்கு 61 வயது. 12 வருடங்களுக்கு முன்பே நார்க்கட்டிக்காகக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அதனால் ஒருநாள் குளிக்கும்போது கையில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டதும் புற்றுநோய்க் கட்டி என்றே பயந்துவிட்டேன். கருப்பையே இல்லாதவளுக்கு என்ன இறங்கப்போகிறது?

இறங்கும். மருத்துவர் தன் கையுறையைக் கழற்றி, அதன் ஒரு விரலை மட்டும் உள்ளும் புறமுமாகப் புரட்டிக் காட்டினார். கருப்பை இருந்த இடத்துக்குக் கீழே, பிறப்புறுப்பின் மேல்முனை பிடிமானம் இல்லாமல் இப்படித்தான் புரண்டு வருகிறதாம். கூடவே சிறுநீர்ப்பையும் சரிகிறது. காலையில் ஒன்றும் தெரியாமல், சாயங்காலம் ஆக ஆக அடிவயிறு கனத்து இழுத்தது ஏன் என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "சிறுநீர் முழுசாப் போக, விரலால உள்ள தள்ளிவிட வேண்டியிருக்காம்மா?" ஒரு வருடமாக மகளிடம்கூடச் சொல்லாத விஷயம். தலையை மட்டும் ஆட்டினேன், கண் நிறைந்துவிட்டது. நிறையப் பேர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, படுக்க வைத்து மட்டுமல்ல, நிற்க வைத்து முக்கச் சொல்லியும் பார்த்தார். இறக்கத்தில் மூன்றாம் நிலை என்றார்.

உடனே கத்தியை எடுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்தது. இறங்கியதை உள்ளே தாங்கிப் பிடிக்க முதலில் சிலிக்கான் வளையம் வைத்தார்கள். அது பலருக்கு வருடக்கணக்கில் நன்றாகவே உதவும். எனக்கோ ஏழு மாதத்தில் உள்ளே உரசிப் புண்ணாகி ரத்தம் கசிந்தது. அப்புறம்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தது.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, ஒய் வடிவ வலை ஒன்றை உள்ளே கொண்டுபோவார்கள். அதன் இரண்டு கிளைகளைப் பிறப்புறுப்பின் முன்சுவரிலும் பின்சுவரிலும் தைத்து, வாலை முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பின் முன்பக்கத்தில் பிணைப்பார்கள். வலை என்றதும் மறுபடி பயம். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இறக்கத்துக்கான வலையின் விற்பனையை நிறுத்தச் சொன்னதைப் படித்திருந்தேன். அது பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைக்கான உத்தரவு, வயிற்று வழியாக வைப்பதற்கு அல்ல என்று விளக்கினார். அதோடு விட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதிலும் சிலருக்கு வலை அரித்து வெளியே தெரியலாம், இறக்கம் திரும்பவும் வரலாம் என்று அவரே சொன்னார். கையெழுத்துப் போட எனக்கு அந்த நேர்மை போதும்.

தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை, பக்கங்களில் மூன்று சிறிய துளைகள். இரண்டரை மணி நேரம் ஆனது என்றாள் மகள். கண் விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலி தெரியுமாம். இரண்டு நாளில் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். கழிவறையில் பழக்கத்தில் கை கீழே போனது. தேவைப்படவில்லை. தானாகவே, முழுதாகப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி என் வருத்தம். மூன்றாவது வாரம் தும்மியபோது உடை நனைந்தது. இருமினாலும் அதே கதை. தையல் விட்டுவிட்டது என்று நினைத்து ஓர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. ரப்பர் குழாய் மடிந்தால் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? இறங்கிய சிறுநீர்ப்பை அப்படித்தான் கசிவை மறைத்து வைத்திருக்கிறது. சரியான இடத்துக்கு ஏற்றியதும் மடிப்பு நிமிர்ந்து கசிவு வெளியே வந்திருக்கிறது. இதை முன்கூட்டியே சோதிக்க வழி இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது, இறங்கியதை உள்ளே ஏற்றிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். எனக்கு அதைச் செய்யவில்லை, சொல்லவும் இல்லை. அவ்வளவு பொறுமையாக எல்லாம் பேசியவர்கள் இதை விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஆறு வாரம் கனம் தூக்காதே, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள் என்ற இரண்டு வரிகள்தான். இடுப்புத்தள தசைப் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் என்பதே நான் அழுதுகொண்டு போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அவர் கற்றுக்கொடுத்தபடி மூன்று மாதம் விடாமல் செய்ததில் கசிவு பெரும்பாலும் நின்றுவிட்டது.

அறுவை சிகிச்சைக்கு முழு மதிப்பெண் தருகிறேன், பிந்தைய கவனிப்புக்குப் பாதிதான். போகிறவர்கள் அந்த இருமல் சோதனையை நீங்களாகவே கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டைத் தேதிக்கு முன்பே ஒருமுறை பாருங்கள். எனக்கு இப்போது எட்டாவது மாதம். சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கிறேன், நடுவில் எங்கும் உட்கார இடம் தேடுவதில்லை.