பயற்றின் வேர்முடிச்சும் வெங்காயத்தின் பங்கசும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்ந்த பயற்றஞ்செடியொன்றைக் கிண்டியெடுத்து, வேர்முடிச்சைப் பிளந்து பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கு குடியிருக்கும் றைசோபியம் என்னும் பற்றீரியா, செடி தரும் சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கிறது.

வெங்காயத்தின் கூட்டாளி வேறு. வேர்மயிர்கள் மிகக் குறைந்த அப்பயிருக்காக, வேருக்குள் புகுந்து வாழும் பங்கசு (பூஞ்சை) தன் நுண்ணிழைகளை மண்ணில் வெகுதூரம் பரப்பி, சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கல்சியத்தோடு பிணைந்து எளிதில் கிடைக்காத பொசுபரசைத் தேடிக் கொணர்கிறது. நிலத்தாவரங்களுடன் இவ்வுறவு 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்வதைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. என்னை மிகவும் வியக்கவைப்பது இதுவே.

முடிச்சுறவு பெரும்பாலும் அவரைக் குடும்பத்துக்கே உரியது. பங்கசோ பெரும்பாலான பயிர்களுடன் சேரும். ஆயினும் அடிக்கடி கொத்தினால் அதன் இழைகள் அறுந்துபோகும், பொசுபரசுப் பசளை மிகுந்தால் உறவு தளரும்; யூரியா மிகுந்தால் முடிச்சுகள் குறையும்.

இவ்விரண்டில் நம் தோட்டங்களுக்கு முதலில் வேண்டியது முடிச்சுறவே என்பேன். முடிச்சு தரும் நைதரசன், நைதரசன் பசளையான யூரியாவின் தேவையைக் குறைக்கும்; அளவுக்கு மிஞ்சிய யூரியாவோ சுண்ணக்கல் வழியே இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றுநீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது.