மதியத்துக்குப் புப்புசாவா, தட்டுச் சாப்பாடா, சூப்பா?

லாஸ் ஏஞ்சலஸின் வெர்மான்ட் அவென்யூவில் ஒரு பகுதிக்கு மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1980 முதல் 1992 வரை அந்த நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரால் ஊரைவிட்டு வந்த பலர் குடியேறிய வட்டாரம் இது. இங்கே நான் போகும் எல் சால்வடோர் சாப்பாட்டுக் கடையில் ஏழு மேசைதான். அம்மா கல்லுக்கு முன்னால், மகள் கல்லாவில், சுவரில் அந்த நாட்டின் பேராயராக இருந்த புனிதர் ரொமேரோவின் படம்.

முதல் முறை போகிறவர் கேட்பது புப்புசாதான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் பூரணத்தை வைத்து மூடி, கையாலேயே தட்டிக் கல்லில் போடுவார்கள். நம் போளி மாதிரிதான், ஆனால் உள்ளே இனிப்புக்குப் பதில் சீஸ், பயறு, மசித்த பன்றி இறைச்சி. மூன்றும் கலந்தது ‘ரெவுவெல்தா’. எனக்குப் பிடித்தது சீஸும் லொரோக்கோவும். லொரோக்கோ என்பது ஒரு கொடியின் பூ மொட்டு; லேசான பச்சை வாசம், கடைசியில் சின்னக் கசப்பு. வினிகரில் ஊறிய முட்டைக்கோஸை மேலே அள்ளிப் போட்டு, தண்ணியான தக்காளிச் சாற்றை ஊற்றிக் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். முள்கரண்டி வேண்டாம்.

அரிசி மாவிலும் இது உண்டு. தலைநகர் சான் சால்வடோரிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் உள்ள ஒலோகுயில்தா அதற்குப் பேர்போன ஊர். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. சூடாக இருக்கும்வரை சோளத்தை மிஞ்சும், ஆறினால் இழுவை. அரிசிக்குத் தனி ருசி கிடையாது, பூரணம்தான் பேசும். சோள மாவுக்கோ வெறுமனே தின்றாலும் ஒரு மணம் இருக்கிறது. அதனால் என் ஓட்டு சோளத்துக்கே.

ஆனால் புப்புசாவுக்குப் பொறுமை வேண்டும். கேட்ட பிறகுதான் தட்டுவார்கள். அரை மணி நேர இடைவேளையில் ஒருமுறை மூன்று சொல்லிவிட்டு, கடைசி ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

இன்னொன்று, அவர்கள் ஊரில் புப்புசா பெரும்பாலும் காலையிலோ இரவிலோ சாப்பிடுவது. மதியம் என்றால் தட்டுச் சாப்பாடு: சுட்ட மாட்டிறைச்சி, சோறு, பயறு, கொஞ்சம் சாலட், இரண்டு தடித்த தொர்த்தியா (மக்காச்சோள ரொட்டி). பத்து நிமிடத்தில் வந்துவிடும், வயிறும் நிறையும். ஆனால் இந்தக் கடையில் இறைச்சி சில நாள் காய்ந்துபோயிருக்கும். தொர்த்தியா மட்டும் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

சைவக்காரர்கள் பயறு எதில் வதக்கியது என்று கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது. பன்றிக் கொழுப்பாக இருக்கலாம்.

வார இறுதி என்றால் யோசிக்கவே வேண்டாம், மாட்டுக்கால் சூப்தான். குடல், மரவள்ளிக் கிழங்கு, சோளக் கதிர்த் துண்டு, அப்புறம் நம் சௌசௌ. முதல்முறை அதைக் கரண்டியில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எலுமிச்சை பிழிந்து மெதுவாகக் குடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அலுவலக நாளில் தொடவே கூடாது, மேசையில் தலை சாய்ந்துவிடும்.

குடிக்க ஒர்ச்சாத்தா. மெக்சிகோவின் வெள்ளை அரிசிப் பானத்தை எதிர்பார்க்காதீர்கள். இது மோர்ரோ என்ற காயின் விதையை மற்ற விதைகள், மசாலாவுடன் அரைத்தது. பழுப்பு நிறம், கொட்டை வாசம்.

மீந்த புப்புசாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோல் ஆகிவிடும். மறுநாள் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் போட்டால் ஓரத்தில் கசிந்த சீஸ் முறுகும். முட்டைக்கோஸைத் தனிப் பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.