குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: எதை வாங்கலாம், எதை ஆன் செய்யலாம்?

போனில் ஓடும் பாட்டு பக்கத்து அறையில் இருக்கும் பழைய ரேடியோவில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. தேட ஆரம்பித்தால் மூன்று ரகம் கண்ணில் படும்: காரில் செருகுவது, நாமே சாலிடர் வைக்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் கிட், அரை வாட்டில் தொடங்கும் ரெடிமேட் போர்டு. மூன்றையுமே ஆன்லைனில் சுலபமாக வாங்கிவிடலாம். சட்டம் பெரும்பாலும் குறுக்கே வருவது சுவிட்சைப் போடும்போதுதான்.

கிட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான்கு சுற்று காயில் (கம்பிச்சுருள்), அலைவரிசையைத் திருகிச் சரிசெய்ய ஒரு டிரிம்மர், ஒரு மைக். கையால் செய்தது ரேடியோவில் பேசும்போது வரும் சந்தோஷமே தனி. ஆனால் கையை அந்தக் கம்பிச்சுருள் பக்கம் கொண்டுபோனாலே அலைவரிசை நகர்ந்துவிடும், பேட்டரி இறங்க இறங்க இன்னும் நகரும். எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிற இடத்திலேயே விமானப் போக்குவரத்துக்கான அலைவரிசை தொடங்கிவிடுகிறது, அதனால் இந்த நகர்தலை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்யூட் கற்றுக்கொள்ள வாங்குங்கள், தினமும் பாட்டுக் கேட்க வேண்டாம்.

கார் ரகத்தில் சிப்பே அலைவரிசையைப் பூட்டி வைத்திருக்கும், சொன்ன எண்ணில் நிற்கும். ரேஞ்ச் சில மீட்டர்தான். அதைக் குறை என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அந்தக் குறைவுதான் அதற்கு அனுமதியே வாங்கித் தருகிறது. ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த வரம்பு 50 நானோவாட். அமெரிக்காவில் வரம்பை அலையின் வலிமையாகச் சொல்கிறார்கள்: 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட். பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை இந்தக் குட்டிச் சாதனத்துக்குக்கூட அனுமதி கிடையாது.

இப்போது அந்த அரை வாட் போர்டைப் பாருங்கள். 50 நானோவாட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு கோடி மடங்கு! மலிவான போர்டுகளில் வேண்டாத அலைவரிசைகளைத் தடுக்கும் ஃபில்டர் சரியாக இருக்காது, 100 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் 200-லும் கசியும். ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான உரிமம்) இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது எஃப்எம் ஒலிபரப்பு அலைவரிசைக்குச் செல்லாது. விளம்பரத்தில் '500 மீட்டர் ரேஞ்ச்' என்று போட்டிருந்தால், உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடிய பொருள் அது இல்லை என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அப்புறம், பேனாவுக்குள் மைக் வைத்து விற்கிறார்களே, அதை இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்றே செய்த கருவியைத் தெரிந்தே விற்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம்.

என் தேர்வு கார் ரகம்தான். யுஎஸ்பி-யில் ஓடுவதும் கிடைக்கிறது, வீட்டுக்கு அது போதும். உங்கள் நாட்டு அனுமதி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், காலியான அலைவரிசையில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் தூரம் எட்டட்டும் என்று 75 சென்டிமீட்டர் வயரை ஆன்டெனாவாக ஒட்டினால் அந்த அனுமதி அத்தோடு போச்சு. ரேடியோவில் ஆக்ஸ் துளை (வெளியிலிருந்து ஒலியை வயரில் கொடுக்கும் துளை) இருந்தால் எஃப்எம்மே வேண்டாம், ஒரு புளூடூத் ரிசீவர் போதும், ஒலியும் தெளிவாக வரும்.